செம்பின் தண்மையும் பலகையின் வெம்மையும்



ஐம்பொறிகளுள் நாம் ஐயமின்றி நம்புவது மெய் என்னும் பொறியையே ஆகும். கானலைக் கண்டு கண் ஏமாறும் என்பதை அறிவோம். எதிரொலியைக் கேட்டுச் செவி மயங்குவதையும் அறிவோம். ஆயின், "தொட்டே பார்த்துவிட்டேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் மறுப்பு எழுவதில்லை. தொடுதலில் நமக்கும் பொருளுக்கும் இடையே வெளி இல்லை. ஆகவே பிழையும் இல்லை என்று எண்ணுகிறோம். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ஈண்டு ஆராய முற்படுகிறோம். இது பௌதிக நூலுக்கு மட்டும் உரிய வினா அன்று. நம் அறிவு பொருளை உள்ளபடி அறிகிறதா என்னும் தத்துவ வினாவும், பிறரைப் பற்றி நாம் கொள்ளும் முடிவுகள் எத்தகையவை என்னும் அறவினாவும் இதனுள் அடங்கியுள்ளன.

ஒரே மண்டபம், நான்கு விடைகள்

மார்கழி வைகறையில் ஒரு ஜினாலயத்தின் மூடிய மண்டபத்தை எண்ணிக்கொள்வோம். அபிஷேகத்துக்குரிய கனத்த செப்புக் குடம் ஒன்று வெறுமையாக வைக்கப்பட்டிருக்கிறது. கீழே கருங்கல் தளம். அதன்மேல் ஒரு மணைப்பலகை. அருகில் ஒரு கோரைப்பாய். நான்கும் இரவு முழுதும் அதே காற்றில் கிடந்தவை. விடியலில் கை வைத்துப் பார்த்தால், செம்பு சில்லென்று குளிர்கிறது. கருங்கல் அதனினும் சற்றுக் குறைவாகக் குளிர்கிறது. பலகை அவ்வளவு குளிரவில்லை. பாயோ இதமாக இருக்கிறது.

இப்போது ஒரு வெப்பமானியைக் கொண்டு அளந்தால் நான்கும் ஏறத்தாழ ஒரே அளவையே காட்டும். 20 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். வேறு வெப்பமும் குளிரும் வந்து சேராத இடத்தில் நெடுநேரம் கிடக்கும் பொருள்கள், சூழ்ந்துள்ள காற்றின் வெப்பநிலையையே அடைகின்றன என்பது இயற்கையின் விதி. கை நான்கு விடைகளைச் சொல்கிறது. வெப்பமானி ஒரே விடையைச் சொல்கிறது. இவற்றுள் எதனை ஏற்பது?

குளிர்வனவாகத் தோன்றும் அனைத்தும் இவ்வகையினவே என்று கொண்டுவிடலாகாது. கோடையில் மண்பானையில் உள்ள நீர் குளிர்ந்திருப்பது வெறும் தோற்றமன்று. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால், அந்நீரின் வெப்பநிலை உண்மையிலேயே குறைகிறது. அங்கே கையும் வெப்பமானியும் ஒன்றுபடுகின்றன. செப்புக் குடத்தில் அவை மாறுபடுகின்றன. ஆகவே, கை எப்போதும் பொய் சொல்கிறது என்பதும் தவறு; எப்போதும் மெய் சொல்கிறது என்பதும் தவறு. அது சொல்வது எதனைப் பற்றி என்பதே வினா.

வெப்பம் செல்லும் வழி

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. உள்ளங்கைத் தோலின் வெப்பம் அதனினும் குறைந்து, பெரும்பாலும் 33 டிகிரியை ஒட்டி இருக்கும். 20 டிகிரியில் உள்ள பொருளைத் தொட்டவுடன், வெப்பம் கையிலிருந்து பொருளுக்குள் பாய்கிறது. அது எவ்வளவு விரைவாகப் பாய்கிறது என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். வெப்பத்தைத் தன்னூடே கடத்தும் திறன் மரத்தைக் காட்டிலும் கருங்கல்லுக்குப் பத்து மடங்குக்கு மேல் அதிகம். செம்புக்கோ ஏறத்தாழ 2000 மடங்கு அதிகம். காற்றின் திறன் மரத்தினும் பல மடங்கு குறைவு. கோரைப்பாயின் இழைகளுக்கு இடையே சிறைப்பட்டு நிற்கும் காற்றே அதனை இதமாக்குகிறது. கம்பளியின் இயல்பும் இதுவே. கம்பளி வெப்பத்தைத் தருவதில்லை. நம் வெப்பத்தைப் போகவிடாமல் காக்கிறது. பனிக்கட்டியைக் கம்பளியால் சுற்றிவைத்தால் அது விரைவில் உருகாமல் இருப்பதே இதற்குச் சான்று.

செம்பைத் தொட்ட கை தன் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. செம்பும் அதனை உடனுக்குடன் உள்ளே கொண்டுசென்றுவிடுகிறது. ஆகவே, தொட்ட இடத்தில் தோலின் மேற்பரப்பு பொருளின் 20 டிகிரியை ஏறத்தாழ எட்டிவிடுகிறது. மரமோ தன் மேற்பரப்பில் பெற்ற வெப்பத்தை உள்ளே செல்லவிடுவதில்லை. அதனால் தொட்ட இடம் வெதுவெதுப்பாகி, தோலின் மேற்பரப்பு 28, 29 டிகிரி அளவிலேயே நின்றுவிடுகிறது. கடத்தும் திறனோடு, பொருளின் அடர்த்தியும், வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும் கொள்ளளவும் சேர்ந்தே இதனை முடிவு செய்கின்றன.

தோலின் அடியில் உள்ள நரம்பு நுனிகள் அறிவது செம்பின் வெப்பநிலையை அன்று. தாம் இருக்கும் தோலின் வெப்பநிலையையும், அது மாறும் வேகத்தையுமே ஆகும். குளிரை உணரும் நரம்புகளில் ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே திறந்துகொள்ளும் புரத வாயில் ஒன்று இருப்பதை, 2002ஆம் ஆண்டில் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்னும் இரு அறிஞர்கள் தனித்தனியே கண்டறிந்தனர். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. புதினா வகைச் செடிகளில் உள்ள மென்தால் பட்டாலும் அதே வாயில் திறந்துகொள்கிறது. தலைவலித் தைலத்தை நெற்றியில் தடவினால் சில்லென்று இருப்பது இதனாலேயே. அங்கே குளிர்ந்த பொருள் எதுவும் இல்லை; குளிர்ச்சியை அறிவிக்கும் கதவு மட்டும் திறந்திருக்கிறது.

"செம்பு இயல்பிலேயே குளிர்ந்த பொருள், மரம் இயல்பிலேயே வெதுவெதுப்பானது" என்று எவரேனும் கூறினால், அவர் சித்திரை நண்பகல் வரை பொறுத்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்து இரண்டும் 50 டிகிரிக்குச் சூடேறியிருக்கும்போது, மார்கழியில் குளிர்ந்த அதே செம்பு கையைச் சுடும். பலகையைத் தொட்டுப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டும் நம் தோலின் வெப்பத்தையே ஒத்திருந்தாலோ, கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறவருக்கு வெப்பத்தைக் கொண்டு அவற்றை வேறு பிரித்தறிய இயலாது. ஆகவே, தண்மை செம்பின் நிலையான இயல்பு அன்று. வெப்பத்தை விரைந்து வாங்குவதும் விரைந்து கொடுப்பதுமே அதன் இயல்பு. மார்கழியில் அது வாங்கியது; சித்திரையில் அது கொடுத்தது.

மேலைநாட்டார் சென்ற வழிகள்

இந்த வேறுபாட்டை அறிஞர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கவனித்துள்ளனர். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1757ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ நண்பருக்கு எழுதிய மடலில், தம் மேசையின் மரமும் அதன் உலோகப் பூட்டும் ஒரே காற்றில் இருந்தும் பூட்டே மிகக் குளிர்கிறது என்பதைக் குறிப்பிட்டு, உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்துவதே காரணம் என்று விளக்கினார்.

அவருக்கும் முன்னர், ஆங்கில நாட்டுத் தத்துவ அறிஞர் ஜான் லாக், 1690ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தம் பெருநூலில், ஒரே நீர் ஒரு கைக்குக் குளிர்ச்சியாகவும் மறு கைக்கு வெப்பமாகவும் தோன்றக்கூடும் என்பதை எடுத்துக்காட்டினார். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் இரண்டையும் வெதுவெதுப்பான ஒரே நீரில் இட்டால் எவரும் இதனை உணரலாம். ஆகவே, நாம் உணரும் வெம்மையையும் தண்மையையும் ஒத்த ஒன்று நீரில் இல்லை; நுண்துகள்களின் இயக்கம் நம் உடலில் எழுப்பும் விளைவே அவை என்பது அவர் முடிபு. அவருக்குப் பின் வந்த பெர்க்லி, 1713ஆம் ஆண்டில் வெளியிட்ட உரையாடல் நூலில் இதனை மேலும் இழுத்துச் சென்றார். வெப்பம் மனத்தில் மட்டுமே உளது என்றால் நிறமும் சுவையும் வடிவும் அவ்வாறே. மனத்துக்குப் புறம்பாகச் சடப்பொருள் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அவர் துணிபு.

கை தடுமாறியது என்பதிலிருந்து உலகமே இல்லை என்பது வரை சென்றுவிட்ட இவ்வழி, நம் நாட்டுத் தத்துவ வரலாற்றிலும் புதிதன்று. புறப்பொருளை மறுத்து அறிவு ஒன்றையே நிறுவிய வாதங்கள் இங்கும் எழுந்தன. ஜைன ஆசாரியர்கள் அவற்றோடு ஓயாது வாதிட்டனர்.

குணமும் பரியாயமும்

ஜின சமயம் உலகைப் பொய்த்தோற்றம் என்று கூறுவதில்லை. ஊறு, சுவை, நாற்றம், நிறம் ஆகிய நான்கும் உடையது புத்கலம் என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் வரையறுத்தார். அவற்றுள் ஊறு எட்டு வகைப்படும்: மென்மை, வன்மை, நொய்மை, திண்மை, தண்மை, வெம்மை, நெய்ப்பு, வறட்சி என்பன அவை. எனில், தண்மை பொருளிடத்தே உளது என்பதன்றோ ஆகம முடிவு? செம்பும் பலகையும் ஒரே வெப்பநிலையில் உள்ளன என்னும் செய்தி இதனோடு முரணாதோ என்று வாசகர் வினவக்கூடும்.

இங்கே குணத்துக்கும் பரியாயத்துக்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். ஊறு என்பது புத்கலத்தின் குணம்; அது பொருளை விட்டு ஒருபோதும் நீங்காது. தண்மையும் வெம்மையும் அக்குணத்தின் பரியாயங்கள், அதாவது மாறிமாறி வரும் நிலைகள். அவை தோன்றும், மறையும். அவற்றைக் கொண்டு பொருளின் நிலைத்த இயல்பை முடிவு செய்வது, அலையைக் கொண்டு கடலின் ஆழத்தை உரைப்பது போலாகும்.

ஆயினும், ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். வெப்பங் கடத்தும் திறனை ஆகமங்கள் முன்பே கூறிவிட்டன என்று நாம் உரைக்கவில்லை. ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பும் வெளிவரும்போது, "இது நம் நூல்களில் உள்ளதே" என்று மார்தட்டுவதும், நெய்ப்பு, வறட்சி என்னும் சொற்களை மின்னேற்றம் என்று பொருள் பண்ணிக்கொள்வதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. இது ஆகமத்துக்குப் பெருமை சேர்ப்பதாகாது. நூலில் இல்லாததை நூலின்மேல் ஏற்றுவது சத்திய விரதத்துக்கு ஒவ்வாது. நாளை அக்கண்டுபிடிப்பு திருத்தப்பட்டால் ஆகமத்தையும் திருத்துவோமா? ஆசாரியர்கள் நமக்குத் தந்தது விஞ்ஞானச் செய்திகளின் பட்டியல் அன்று. எந்தச் செய்தியையும் எவ்வாறு ஆராய்ந்து ஏற்பது என்னும் நெறி. அந்நெறியையே இவ்வினாவிலும் பயன்படுத்திப் பார்ப்போம்.

நால்வகை நோக்கு

எப்பொருளைப் பற்றி எது கூறினும், திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் நோக்கியே கூற வேண்டும் என்பது நம் தருக்க நெறி. தொட்டது எப்பொருள், எவ்விடத்தில், எப்பொழுதில், எந்நிலையில் என்று கேட்காமல் "குளிர்ந்தது" என்று சொல்லிவிடுவது அரைகுறைச் சொல்லே ஆகும்.

திரவியத்தால் நோக்கின், செம்பு வேறு, மரம் வேறு. வெப்பத்தைக் கொண்டுசெல்லும் விதமும் வேறு. க்ஷேத்திரத்தால் நோக்கின், மண்டபத்தின் உள்ளே இருந்த குடம் ஒருவிதம், வெயிலில் வைத்த குடம் ஒருவிதம். காலத்தால் நோக்கின், தொட்ட கணத்து உணர்ச்சி ஒன்று, கை படிந்து சில நிமிடங்கள் சென்றபின் உணர்ச்சி வேறொன்று. முதலில் உறைத்த குளிர் பின்னர் மழுங்குகிறது. பாவத்தால் நோக்கின், தொடுகிற கையின் நிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். அடுப்பருகே இருந்து வந்தவரின் கையும், கிணற்று நீரில் துணி துவைத்து வந்தவரின் கையும் ஒரே விடையைத் தாரா.

இந்நான்கையும் சேர்த்துக் கேட்டால் முரண் மறைந்துவிடுகிறது. வெப்பமானி, "இப்பொருளின் வெப்பநிலை யாது?" என்னும் வினாவுக்கு விடை தந்தது. கையோ, "என்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு விரைவாகச் செல்கிறது?" என்னும் வினாவுக்கு விடை தந்தது. இரண்டு விடைகளும் மெய்யே. செம்புக்கும் மரத்துக்கும் இடையே உண்மையான ஒரு வேறுபாடு உண்டு என்பதைக் கை பிழையின்றிக் கண்டுகொண்டது. அவ்வேறுபாட்டுக்கு நாம் இட்ட பெயரே பிழைபட்டது. ஒரு வினாவுக்குக் கிடைத்த விடையை மற்றொரு வினாவின்மேல் ஏற்றினோம். பொறியின்மேல் குற்றமில்லை, பொருள் பண்ணிய நம்மிடமே குற்றம் உளது.

ஐயவாதம் அன்று ஸ்யாத்வாதம்

"ஒருவாற்றான் குளிர்ந்தது, ஒருவாற்றான் குளிர்ந்ததன்று" என்று கூறினால், "இது எதையும் உறுதியாகச் சொல்லாத வழவழப்புப் பேச்சு" என்று ஸ்யாத்வாதத்தைப் பழிப்பவர் பண்டும் இருந்தனர், இன்றும் உளர். செப்புக் குடம் அவர்களுக்கு நல்ல விடை தரும். கையின் வெப்பத்தை விரைந்து கவர்வது என்னும் வகையால் செம்பு பலகையினும் தண்ணியது, இது உறுதி. வெப்பநிலை என்னும் வகையால் அது பலகையினும் தண்ணியது அன்று, இதுவும் உறுதி. வகையைக் குறித்துச் சொல்வதால் கூற்று தளர்வதில்லை, இறுகுகிறது. லாக் கூறிய நீரில் இரு கைகளையும் ஒரே கணத்தில் இட்டு, "இந்நீர் உமக்கு வெப்பமா, தண்மையா? ஒரே சொல்லால் விடை கூறும்" என்றால், எவரால் கூற இயலும்? அவக்தவ்யம், சொல்லொணாதது, என்று ஆசாரியர்கள் ஏன் ஒரு பங்கம் வகுத்தனர் என்பது அப்போது விளங்கும்.

அதே வேளையில், அநேகாந்தம் என்பது "அவரவர் சொல்வது அவரவர்க்குச் சரி" என்னும் தாராளமும் அன்று. செம்பின் வெப்பநிலை பலகையினும் குறைவு என்று ஒருவர் சாதித்தால், அவர் கூற்று பிழையே. அது அவருடைய நோக்கில் சரி என்று நாம் விட்டுவிடுவதற்கில்லை. ஒரு நோக்கைத் தழுவி, ஏனைய நோக்குகளை மறுக்காமல் இருப்பது நயம். தன் நோக்கு ஒன்றே முழு உண்மை என்று பிறவற்றைத் தள்ளுவது துர்நயம். கையை மட்டும் நம்பி வெப்பமானியைத் தள்ளுவதும் துர்நயம். வெப்பமானியை மட்டும் நம்பி, "உனக்குக் குளிர்வது பொய்" என்று நடுங்குகிறவரைப் பார்த்துச் சொல்வதும் துர்நயமே. ஈரக் கல்தரையில் அமர்ந்த முதியவரின் உடலிலிருந்து வெப்பம் மெய்யாகவே வெளியேறிக்கொண்டிருக்கிறது. அவருக்குத் தேவை தருக்கம் அன்று, ஒரு பாய்.

கை சொன்னதும் மனம் சேர்த்ததும்

பொறிவழிப் பிறக்கும் மதிஞானம் நான்கு படிகளில் முதிர்கிறது என்று நூல்கள் கூறும். ஏதோ ஒன்று பட்டது என்னும் முதற்பற்று அவக்கிரகம். அது யாது என்று அறிய எழும் நாட்டம் ஈஹா. ஆராய்ந்து இன்னது எனத் துணிதல் அவாயம். துணிந்ததை மறவாது நிறுத்தல் தாரணை. நம் அன்றாட வாழ்வில் நேரும் பிழை பெரும்பாலும் ஒன்றே: இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். பட்டவுடன் துணிகிறோம், துணிந்ததை வாழ்நாள் முழுதும் நினைவில் நிறுத்துகிறோம்.

பாத்திரம் துலக்கிக் குளிர்ந்த கையால் குழந்தையின் நெற்றியைத் தொடும் தாய்க்கு, அந்நெற்றி காய்ச்சலாய்க் கொதிப்பதுபோல் தோன்றும். காய்ச்சலால் சூடேறிய கையுடைய தாய்க்கோ, உண்மையான காய்ச்சலும் தெரியாமல் போகும். அவள் அன்பில் குறைவில்லை, கையிலும் குறைவில்லை. ஈஹா என்னும் படியில் ஒரு வெப்பமானி வேண்டும், அவ்வளவே. குழந்தையைக் குளிப்பாட்டும் நீரின் சூட்டைப் பார்ப்பதிலும், வேலை செய்து மரத்துப்போன விரல்களை மட்டும் நம்பாது முன்கையில் ஊற்றிப் பார்ப்பது நல்லது.

இன்னும் நுணுகி நோக்கினால், ஒரே தொடுதலில் மூன்று நிகழ்ச்சிகள் கலந்திருப்பதைக் காணலாம். தண்மையை அறிவது ஒன்று. இது ஞானத்தின் தொழில். அது துன்பமாகவோ இன்பமாகவோ நுகரப்படுவது மற்றொன்று. இது வேதனீய கர்மத்தின் பயன். அதனை வெறுப்பதும் விரும்புவதும் மூன்றாவது. இது மோகனீய கர்மத்தின் வேலை. மார்கழியில் நாம் வெறுத்த அதே தண்மையைச் சித்திரையில் தேடி அலைகிறோம் என்றால், வெறுப்பும் விருப்பும் தண்மையில் இல்லை என்பது வெளிப்படை. முனிவர்கள் வெல்லும் இருபத்திரண்டு பரீஷகங்களுள் சீதமும் உஷ்ணமும் இடம்பெற்றுள்ளன. திகம்பர முனிவர் பனிக்காலத்தில் கல்லின்மேல் அமரும்போது, கல் வெப்பத்தைக் கவராமல் இருப்பதில்லை. அவர் நரம்புகள் அறிவிக்காமல் இருப்பதும் இல்லை. முதலிரண்டும் நிகழ்கின்றன. மூன்றாவதற்கு மட்டும் அவர் இடம் கொடுப்பதில்லை. குளிர் இல்லை என்று மறுப்பது தவம் அன்று. குளிரை உள்ளபடி அறிந்தும் அதன்பால் துவேஷம் கொள்ளாமையே தவம்.

வாழ்வில் கொள்ளத்தக்கது

இனி, இல்லறத்தாராகிய நமக்கு இதனால் விளையும் பயன் யாது என்பதைக் கூறி அமைவோம்.

முதலாவது, உணர்ச்சி இன்மையை ஆபத்து இன்மை என்று கொள்ளலாகாது. நீரிழிவு நோய் நெடுநாள் நீடித்தவர்களுக்குப் பாதங்களில் உணர்வு குன்றிவிடுவது உண்டு. வெயில் காய்ந்த கருங்கல் பிராகாரத்திலும் மலைப்படிகளிலும் அவர்கள் வெறுங்காலுடன் நடக்கும்போது, சுடுவது தெரியாமலே தோல் வெந்து புண்ணாகிவிடும். கல் சுடுகிறது, அறிவிக்கும் நரம்பு மட்டும் மௌனமாக இருக்கிறது. திருத்தலங்களுக்குக் குடும்பத்துடன் செல்வோர் முதியோரை நண்பகலுக்கு முன்னரே தரிசனம் செய்வித்து அழைத்து வருவதும், ஆலய நிர்வாகத்தார் நடைபாதையில் கயிற்றுப்பாய் விரித்து நீர் தெளித்து வைப்பதும் சிறு செயல்கள் போலத் தோன்றினும் அஹிம்சையின் பாற்பட்டவையே. நம் காலுக்குச் சுடவில்லை என்பது பிறர் காலுக்குச் சான்று ஆகாது.

இரண்டாவது, மனிதரைப் பற்றிய நம் தீர்ப்புகள். வெப்பம் மிகுந்த நம் நாட்டில், "உள்ளம் குளிர்ந்தது", "கண் குளிரக் கண்டோம்" என்று மகிழ்ச்சியைத் தண்மையால் குறிக்கிறோம். குளிர்நாட்டு மக்களோ அன்பை வெம்மையாலும், அன்பின்மையைத் தண்மையாலும் குறிக்கின்றனர். சொல்லும் க்ஷேத்திரத்தைச் சார்ந்தே பொருள் தருகிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளைப் பற்றி, வந்த சில நாள்களிலேயே, "இவள் ஒட்டமாட்டாள்" என்று முடிவு கட்டிவிடும் குடும்பங்கள் உள. ஒரு மகன் கேட்டவுடன் கண் கலங்குவதையும், மற்றொருவன் வாய் திறவாதிருப்பதையும் கண்டு, அன்பு ஒருவனிடம் மட்டுமே உளது என்று எண்ணும் பெற்றோரும் உளர். அங்கே நாம் உணர்ந்தது அவர்களின் உள்ளத்தில் உள்ளதையா, அல்லது அவர்களுக்கும் நமக்கும் இடையே அந்நேரத்தில் சென்றதையா? விரைந்து வாங்கி விரைந்து கொடுக்கும் உள்ளங்களும், மெல்ல வாங்கி நெடுநேரம் காத்துவைக்கும் உள்ளங்களும் உலகில் உண்டு. நாம் எந்நிலையில் அவர்களை அணுகினோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சினத்தால் சூடேறிய மனத்துக்கு எவர் சொல்லும் சில்லென்றே படும்.

உவமை நிரூபணம் ஆகாது என்பதை அறிவோம். மனித உள்ளம் செம்பும் அன்று, பலகையும் அன்று. உண்மையிலேயே அன்பில்லாத நெஞ்சங்களும் உண்டு. மண்பானை நீர் மெய்யாகவே குளிர்ந்திருப்பதைப் போல. ஆகவே எவரையும் பற்றி முடிவே செய்யலாகாது என்று நாம் கூறவில்லை. முடிவுக்கு முன் ஈஹா வேண்டும் என்றே கூறுகிறோம். திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய நான்கையும் ஒரு செப்புக் குடத்துக்குக் கேட்க வேண்டுமானால், ஓர் ஆன்மாவுக்குக் கேட்க வேண்டாமா?

மூன்றாவதும் முடிவானதும் ஒன்று உண்டு. ஐந்து பொறிகளுள், நிலம், நீர், தீ, காற்று, மரஞ்செடி ஆகிய உடல்களில் வாழும் ஓரறிவுயிர்க்கும் வாய்த்தது ஊறு ஒன்றே. தொல்காப்பியமும் உயிர்களை அறிவின் வரிசையில் வகுக்கும்போது ஊற்றறிவையே முதலில் வைக்கிறது. காட்சியும் கேள்வியும் இல்லாத உயிர்கள் கோடானுகோடி. ஊறு இல்லாத சம்சாரி உயிர் ஒன்றும் இல்லை. நாம் எதையேனும் தொடும்போது அதன் தண்மையை மட்டும் ஆராய்கிறோம். நம் கையும் காலும் அதன்மேல் எவ்வாறு படுகின்றன என்பதை ஆராய்வதில்லை. மிதிபடும் புல்லுக்கும் நம் அடி ஓர் ஊறே. தொடுதல் எப்போதும் இருபுறத்ததாகும். வெப்பம் கையிலிருந்து செம்புக்குச் செல்லும்போது, செம்பு அறியப்படுகிறது; கையும் மாறுகிறது. அறிபவரும் அறியப்படுவதும் சேர்ந்ததே அறிவு என்பதை உணர்ந்தால், தீர்ப்பில் அடக்கமும் தொடுதலில் மென்மையும் தாமே வரும்.

பொறிகளை இகழாமலும், அவற்றுக்கு அடிமையாகாமலும், அவை சொல்வதை வகை அறிந்து கேட்பதே நற்காட்சிக்கும் நல்ஞானத்துக்கும் வழி. அவ்வழி நின்று நல்லொழுக்கத்தில் சிறப்போமாக.

ஜினதர்மம் ஓங்குக!